இரண்டு கையெழுத்துகள்

2022 ஜூன் மாதக் கடைசியில் ஏழாயிரம்பண்ணையில் இருந்தேன். அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. தம்பியைப் பார்த்துவிட்டுப் போகப் பெரிய அத்தை வந்திருந்தாள். மாலைச் செய்தியில் வாஷிங்டன் உச்ச நீதிமன்றத்தின் முன்னால் பெண்கள் இரண்டு கூட்டமாக நிற்பதைக் காட்டினார்கள். ஒரு கூட்டம் அழுதது. இன்னொரு கூட்டம் கட்டியணைத்துக் கொண்டாடியது. “என்ன தாயி, ஒரு பக்கம் அழுதாக, ஒரு பக்கம் சிரிக்காக?” என்று அத்தை கேட்டாள். கருவைக் கலைத்துக்கொள்ளும் உரிமையை 1973இல் கொடுத்த அதே நீதிமன்றம் இப்போது அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது என்று எனக்குத் தெரிந்த அளவில் விளக்கினேன். அத்தை கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நானும் ஒண்ணக் கலைச்சிருக்கேன். ஒனக்குத் தெரியாது. அன்னைக்கு ஊர்ல ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. காட்டுல பங்கு கேட்டிருந்தேன்னா ஊரே திரண்டு வந்து கேட்டிருக்கும்.”

எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். அத்தை இதைச் சொன்னபோது அப்பா அடுத்த அறையில் கண்ணில் கட்டோடு படுத்திருந்தார். அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருக்க மாட்டார்.

அந்தக் காட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் என் பங்கும் இருக்கிறது, வேறு அர்த்தத்தில்.

தாத்தாவுக்குப் பூர்வீகமாக வந்த கரிசல் நிலம். கம்பும் சோளமும் பருத்தியும், மழை பெய்த வருடங்களில் மல்லியும். மழை பெய்யாத வருடங்களில் ஒன்றுமில்லை. எண்பதுகள் வரை அந்த நிலத்துக்காக யாரும் யாரிடமும் சண்டை போட்டதாக நினைவில்லை. சண்டை போடும் அளவுக்கு அதில் என்ன இருந்தது? பிறகு பட்டாசு ஆலைகள் சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை, சாத்தூர்ப் பக்கமாக நகர்ந்து வந்தன. பட்டாசுக்கு வறண்ட காற்று வேண்டும். அதைவிட முக்கியமாக இடம் வேண்டும். மருந்து கையாளும் அறைகளுக்கு இடையே இவ்வளவு தூரம் விட வேண்டும் என்று வெடிபொருள் விதிகள் சொல்கின்றன. சிறிய ஆலைக்குக்கூட ஏக்கர் கணக்கில் சும்மா கிடக்கும் நிலம் தேவை. சும்மா கிடந்ததாலேயே எங்கள் காடு விலை பெற்றது.

2007இல் அப்பாவும் சித்தப்பாவும் நிலத்தை விற்க ஒப்புக்கொண்டார்கள். வாங்குகிறவரின் வழக்கறிஞர் மூலப் பத்திரங்களைப் பார்த்துவிட்டு, “உங்களோடு பிறந்த பெண்கள் எத்தனை பேர்?” என்று கேட்டார். அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் அதுவரை கேட்கப்பட்டதே இல்லை. தாத்தா 1994இல் இறந்தபோதுகூட யாரும் கேட்கவில்லை.

அத்தைகள் இருவர். பெரியவளுக்கு 1978இல் கல்யாணம், சின்னவளுக்கு 1991இல். இந்த இரண்டு வருடங்களுக்கும் நடுவில் ஒரு தேதி இருந்தது என்பதை அன்று வழக்கறிஞர் சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். 1989 மார்ச் 25. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் அந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனைப்போலவே மகளும் பிறப்பால் பங்காளி. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான மகளுக்கு அது பொருந்தாது. ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவரில் ஒருத்தி பங்காளி, இன்னொருத்தி விருந்தாளி. (அந்த மார்ச் 25ஆம் தேதிக்கு இன்னொரு நினைவும் உண்டு. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஜெயலலிதா தாம் தாக்கப்பட்டதாகக் குற்றம் சாட்டிய அமளி சட்டப்பேரவையில் நடந்ததும் அதே நாளில்தான். தமிழ்நாட்டின் மகள்களுக்குச் சொத்தில் சமபங்கு பிறந்த நாளன்று, அவையின் முக்கியமான பெண் உறுப்பினர் கலைந்த சேலையோடு வெளியே வந்தார். கதையில் எழுதினால் மிகை என்று ஆசிரியர் வெட்டிவிடுவார்.)

2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தம் இந்தக் கல்யாணத் தேதிக் கணக்கை விட்டுவிட்டது. தகப்பன் முன்பே இறந்திருந்தால் மகளுக்குப் பங்கு உண்டா இல்லையா என்ற குழப்பம் அப்போதும் இருந்தது. அது 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில்தான் தீர்ந்தது: மகளின் உரிமை பிறப்பால் வருவது, தகப்பன் அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை. 2007இல் எங்கள் வழக்கறிஞருக்கு அவ்வளவு தெளிவு இல்லை, ஆனால் தொழில் பயம் இருந்தது. “ரெண்டு பேர்கிட்டயும் விடுதலை வாங்கிடுங்க” என்றார்.

விடுதலைப் பத்திரம். ஒரு சொத்தில் தனக்குள்ள பாத்தியதையை விட்டுக்கொடுக்கும் ஆவணத்துக்குப் பத்திரப்பதிவுத் தமிழ் வைத்திருக்கும் பெயர். சொத்து பெண்ணிடமிருந்து விடுதலை அடைகிறதா, பெண் சொத்திடமிருந்து விடுதலை அடைகிறாளா என்று நான் கல்லூரியில் தோழிகளிடம் வேடிக்கையாகக் கேட்டிருக்கிறேன். வேடிக்கையாகத்தான். ஏனென்றால் அந்த நிலம் விற்ற பணத்தில்தான் நான் மதுரையில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன்.

அத்தைகள் இருவரும் ஒரே நாளில் வந்து கையெழுத்துப் போட்டார்கள். ஆளுக்கு ஒரு பட்டுச் சேலை, பத்தாயிரம் ரூபாய், மதியச் சாப்பாடு. வற்புறுத்தல் எதுவும் நடக்கவில்லை. வற்புறுத்தத் தேவையும் இருக்கவில்லை. பொங்கல்படி வரும், பேத்தி சடங்குக்குத் தாய்மாமன் வீட்டுச் சீர் வரும், நாளைக்குக் கட்டியவன் இல்லாமல் போனால் வந்து நிற்க ஒரு வாசல் இருக்கும். இவையெல்லாம் அந்தச் சேலையோடு மடித்து வைக்கப்பட்டிருந்தன. பங்கு கேட்ட பெண்களின் கதைகள் எங்கள் ஊரில் உண்டு. அந்தக் கதைகள் எல்லாவற்றிலும் அண்ணன் தம்பி இறந்த வீட்டுக்குத் தகவல் சொல்லப்படாத ஒரு சகோதரி வருவாள்.

இனி அத்தையின் இன்னொரு கதை. அன்று மாலையும் அதற்குப் பிறகு சில தடவைகளும் அவள் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன்.

1984. அத்தைக்கு இரண்டு குழந்தைகள். மாமாவுக்குத் தீப்பெட்டி ஆலையில் வேலை, அத்தை வீட்டில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். மூன்றாவதாக உண்டானது. வேண்டாம் என்று முடிவெடுத்தது யார் என்று நான் கேட்டேன். “யாரு முடிவெடுக்கது? வேண்டாம்னு எல்லாருக்கும் தெரியும்” என்றாள். மாமியாரே அழைத்துக்கொண்டு போனாள். பக்கத்து நகரத்தில் ஒரு மருத்துவமனை. அங்கே இருந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: கலைத்துவிட்டு அப்படியே குடும்பக்கட்டுப்பாடும் செய்துகொள்ளச் சம்மதமா? சம்மதம் என்றால் இன்றைக்கே, இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள். அத்தைக்கு அப்போது வயது 25. பிறகு ஒரு தாளை நீட்டி வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். மாமா வேலைக்குப் போயிருந்தார். மறுநாள் அவரை அழைத்து வந்து கையெழுத்துப் போடச் செய்தபிறகுதான் உள்ளே அனுமதித்தார்கள். “எங்கிட்ட யாரும் கையெழுத்து வாங்குன மாதிரி எனக்கு ஞாபகமில்ல” என்றாள் அத்தை.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள். தெருவில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாட்டுக்கோழிக் குழம்பு கொடுத்தனுப்பினார்கள்.

எனக்கு முதலில் வியப்பைத் தந்தது இந்தக் கோழிக்குழம்புதான். அமெரிக்காவில் அரை நூற்றாண்டாக நாட்டையே இரண்டாகப் பிளந்து வைத்திருக்கும் ஒரு காரியம், எங்கள் தெருவில் ஒரு குழம்போடு முடிந்துபோயிருக்கிறது. அங்கே மருத்துவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். இங்கே நான் அறிந்தவரை எந்தக் கட்சியும் இதை வைத்து ஓட்டுக் கேட்டதில்லை. நம் சாத்திரங்கள் கருவழித்தலைப் பெரும்பாவங்களில் ஒன்றாக வைத்திருக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபை சட்டத்தை எதிர்த்தது, இன்னும் எதிர்க்கிறது. இருந்தும் தெருவில் பிளவில்லை. இதைக் கேட்டு நாம் முற்போக்கான சமூகம் என்று முதுகில் தட்டிக்கொள்ளும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். நானும் சில நாள் அப்படி நினைத்தேன்.

சட்டத்தின் கதையைப் படித்தபோது அந்த எண்ணம் போய்விட்டது.

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றி வேறு எதற்காகவும் கருக்கலைப்பு செய்தவரையும் செய்துகொண்டவளையும் குற்றவாளிகளாக வைத்திருந்தது. 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. அது 1966இல் அறிக்கை கொடுத்தது. முறையற்ற கலைப்புகளில் பெண்கள் சாவது அந்தக் குழுவின் உண்மையான கவலைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் காலத்தின் காற்று வேறு. அறுபதுகளின் பிற்பகுதியில் சுகாதார, குடும்பக்கட்டுப்பாட்டு அமைச்சராக இருந்த எஸ். சந்திரசேகர் ஒரு மக்கள்தொகை ஆய்வாளர். அவர் பிறகு எழுதிய நூலுக்கு வைத்த தலைப்பு ‘நெரிசலான உலகில் கருக்கலைப்பு’ என்று பொருள்படுவது. நெரிசல்தான் பிரச்சினை. மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் 1971 ஆகஸ்டில் நிறைவேறி 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 12 வாரம் வரை ஒரு மருத்துவரும், 20 வாரம் வரை இரண்டு மருத்துவர்களும் நல்லெண்ணத்தோடு கருதினால் கலைக்கலாம் என்று அப்போது இருந்தது. கருதுகிறவர் மருத்துவர். சட்டம் காப்பாற்றுவதும் முதலாவதாக மருத்துவரைத்தான். கருத்தடைச் சாதனம் பயன்படாமல் போனதால் உண்டான கரு பெண்ணின் மனநலத்துக்குக் கடுந்தீங்கு என்று கொள்ளலாம் என ஒரு விளக்கம் சேர்த்தார்கள். அந்த விளக்கத்தில் ‘மணமான பெண்’ என்று இருந்தது. குடும்பக்கட்டுப்பாட்டுத் திட்டத்தின் விடுபட்ட ஓட்டையை அடைக்கும் ஏற்பாடு அது. ‘மணமான பெண்ணோ அவள் கணவனோ’ என்பது ‘பெண்ணோ அவள் துணையோ’ என்று மாற 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தச் சட்டத்தால் யாருக்கு என்ன இழப்பு? கணவனுக்கு இழப்பில்லை, மாமியாருக்கு இல்லை, அரசுக்கு லாபம். அதனால்தான் யாரும் கொடி பிடிக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

சொத்துரிமைக்கு நேர்ந்ததை இதோடு வைத்துப் பார்க்கலாம். மகளுக்கும் விதவைக்கும் சொத்தில் இடம் கேட்ட இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா நாடாளுமன்றத்தில் வருடக்கணக்காக இழுபட்டது. சகோதர பாசம் அழியும், நிலம் துண்டுபடும், மருமகன்கள் வீட்டுக்குள் நுழைவார்கள் என்றெல்லாம் பேசினார்கள். குடியரசுத் தலைவராக இருந்த ராஜேந்திர பிரசாத்தே அதற்கு எதிராக இருந்தார். 1951 செப்டம்பரில் அம்பேத்கர் சட்ட அமைச்சர் பதவியை விட்டு விலகினார். பிறகு நேரு அதைத் துண்டு துண்டாக்கி 1955, 56இல் நிறைவேற்றினார். வாரிசுரிமைத் துண்டில் கூட்டுக்குடும்பச் சொத்தின் பிறப்புரிமை ஆண்களிடமே விடப்பட்டது. அது முழுதாகச் சரியாக 2005 ஆயிற்று. சட்டமன்றங்களிலும் நாடாளுமன்றத்திலும் பெண்களுக்கு மூன்றில் ஓர் இடம் கேட்ட மசோதா 1996இல் வந்து, அவையிலேயே கிழித்தெறியப்பட்டு, 2010இல் மாநிலங்களவையோடு நின்று, 2023இல் நிறைவேறியது. அதிலும் கணக்கெடுப்புக்கும் தொகுதி மறுவரையறைக்கும் பிறகே அமல் என்று ஒரு முடிச்சு. சமத்துவம் என்று வெளிப்படையாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்த சட்டங்கள் எல்லாமே அடி வாங்கித்தான் வந்திருக்கின்றன. பெயர் சொல்லாமல் வந்தது மட்டும் பின்வாசல் வழியாக அமைதியாக உள்ளே வந்துவிட்டது.

இரண்டும் ஒன்றுதான் என்று தமிழில் முன்பே பார்த்தவர் பெரியார். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்குச் சமமான சொத்துரிமை கோரித் தீர்மானம் போட்டார்கள். 1989இன் சட்டத்தை அதன் நிறைவேற்றம் என்றே தி.மு.க. சொல்லிக்கொண்டது, நியாயமாகவே. ஆனால் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் கர்ப்பத்தடை பற்றிய பகுதியை அவ்வளவாக யாரும் நினைவூட்டுவதில்லை. மற்றவர்கள் கர்ப்பத்தடையை ஆதரிக்கும் காரணங்களை அதில் அவர் எண்ணிக் காட்டுகிறார்: தாயின் உடல்நலம், நாட்டின் பொருளாதாரம், குடும்பச் சொத்து குலையாமல் இருப்பது. தாம் ஆதரிப்பது இவற்றுக்காக இல்லை, பெண் சுயேச்சையாக இருப்பதற்காக என்று பிரித்துக்கொள்கிறார். அவர் எழுதியது கருத்தடை பற்றி, கலைப்பைப் பற்றியல்ல. இருந்தாலும் அந்தப் பிரிவினை இங்கும் செல்லும். குடும்பச் சொத்து குலையாமல் இருப்பதற்காகக் கருவைத் தடுப்பது! அத்தையின் இரண்டு கதைகளையும் இணைக்கும் கயிறு அங்கேயே கிடக்கிறது. அம்பேத்கரின் சார்பில் 1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்ட குடும்பக்கட்டுப்பாட்டுத் தீர்மானம் தோற்றது. பிற்காலத்தில் வென்றது, அவர்கள் இருவரும் வைத்த காரணங்களால் அல்ல.

அமெரிக்காவின் கதை இதன் மறுபக்கம். பால் அடிப்படையில் உரிமை மறுக்கப்படக் கூடாது என்ற அரசியலமைப்புத் திருத்தத்தை அங்கே செனட் 1972 மார்ச் 22 அன்று நிறைவேற்றியது. நம் கருக்கலைப்புச் சட்டம் அமலுக்கு வருவதற்குச் சரியாகப் பத்து நாள் முன்பு. பத்து மாதம் கழித்து ‘ரோ எதிர் வேட்’ தீர்ப்பு. இரண்டும் தனிப்பெண்ணின் உரிமை என்ற ஒரே மொழியில் பேசின. அதனால் ஃபிலிஸ் ஷ்லாஃப்ளி போன்றவர்களுக்கு இரண்டையும் ஒன்றாகக் கட்டுவது எளிதாக இருந்தது: சமத்துவத் திருத்தம் வந்தால் கருக்கலைப்பும் வரும், குடும்பம் போகும். 38 மாநிலங்கள் ஒப்புதல் தர வேண்டிய இடத்தில் 1982இல் காலக்கெடு முடிந்தபோது 35தான் தேறியிருந்தன. அங்கே ஒன்றை எதிர்த்தவர் மற்றதையும் எதிர்த்தார். இங்கே என் தாத்தாவைப் போன்ற ஒருவர் மருமகளின் கருக்கலைப்புக்கு வண்டி கட்டிக் கொடுத்துவிட்டு, மகளின் பங்கைப் பற்றிப் பேச்செடுத்தவனை வீட்டைவிட்டுத் துரத்தியிருப்பார். அதில் முரண்பாடு இருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்காது. குடும்பம் என்ற கண்ணால் பார்த்தால் முரண்பாடு இல்லவும் இல்லை.

சண்டையில்லாமல் வந்ததில் என்ன கெடுதல், வந்துவிட்டதே என்று கேட்கலாம். என் கணவர் அப்படித்தான் கேட்டார். அதற்கு எனக்குத் தெரிந்த பதில் 2016இல் எங்கள் தெருவில் நடந்தது.

சரம் பின்னும் பெண். மூத்த குழந்தைக்கு எட்டு மாதம். கணவன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் இருபது நாள் வெளியே. அவளுக்கு மீண்டும் நாள் தள்ளிப்போனது. யாரிடமோ சொல்லி ஏதோ மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள். இரண்டு நாள் இரத்தப்போக்கோடு சரம் பின்னியிருக்கிறாள். சனிக்கிழமைக் கூலிக்குக் கணக்குக் குறையக் கூடாது. மூன்றாம் நாள் மயங்கி விழுந்தபோது நான் ஊரில் இருந்தேன். 108 வண்டியில் நானும் ஏறிப் போனேன். பிழைத்துக்கொண்டாள். நினைவு திரும்பியபிறகு, அரசு ஆஸ்பத்திரிக்கு நேராகப் போயிருக்கலாமே என்று கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அது குத்தமில்லையாக்கா? ஸ்கேன் எடுக்கிற எடத்துல போர்டு போட்டிருக்காகளே, ஜெயில்னு?”

எனக்குப் புரியச் சற்று நேரமானது. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம் என்ற பலகை. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண்சிசுக் கொலைகள் எண்பதுகளின் நடுவில் பத்திரிகைகளில் வந்து, 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கி, 1994இல் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் வந்தது. தேவையான சட்டம். ஆனால் அதற்கான பிரச்சாரம் ‘பெண் கருக்கொலை’ என்ற சொல்லைக் கையில் எடுத்தது. கலைப்பு கொலையானது. சுவர்களில், பள்ளிக்கூட நாடகங்களில், பட்டிமன்றங்களில் அந்தச் சொல்லே கேட்டது. கருக்கலைப்பு உன் உரிமை என்று சொல்லும் சுவர் ஒன்றுகூட எங்கள் வட்டாரத்தில் நான் பார்த்ததில்லை. யாரும் அதற்காகப் போராடவில்லையே, யார் எழுதுவார்கள்? 1984இல் என் அத்தை வெட்கமில்லாமல் பகிரங்கமாகச் செய்த காரியத்தை, சட்டம் வந்து 44 ஆண்டுகளுக்குப் பிறகு, அதே தெருவில் ஒருத்தி திருட்டைப்போல மறைத்துச் செய்திருக்கிறாள். பெண் குழந்தையைக் குடும்பங்கள் வேண்டாம் என்றதற்குச் சீதனமும் சொத்தும் எவ்வளவு காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். சொத்துச் சட்டம் பாதி வழியில் நின்றதன் விலையையும் இந்தப் பெண்ணே கொடுத்தாள் என்றுதான் நான் கணக்கு எழுதுகிறேன்.

சொத்தில் நிலைமை நேர்மாறு. மகளுக்குப் பங்கு உண்டு என்பது இன்று ஏழாயிரம்பண்ணையில் கட்டை அடுக்கும் கிழவிக்கும் தெரியும். அண்ணன்மாருக்கு அதைவிட நன்றாகத் தெரியும். விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குவதே அதற்குச் சாட்சி. இல்லாத உரிமையை யாரும் எழுதி வாங்குவதில்லை. சண்டையிட்டுப் பெற்றதால் அது இருக்கிறது என்றாவது தெரிகிறது. கருக்கலைப்புக்குச் சட்டம் கேட்பது, 18 வயது நிறைந்த மனநலமுள்ள பெண்ணானால், அவள் சம்மதத்தை மட்டுமே. கணவன் கையெழுத்து என்ற சொல்லே சட்டத்தில் இல்லை. 1984இல் அத்தைக்கும் தெரியாது, கையெழுத்துப் போட்ட மாமாவுக்கும் தெரியாது. தாளை நீட்டியவருக்குத் தெரிந்திருக்கும்.

இதை எழுதும்போதே எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. அமெரிக்கப் பெண்களிடம் போய், சண்டை நல்லது, அது உரிமையைத் தெரியவைக்கும் என்று சொல்ல எனக்குத் தைரியம் உண்டா? அவர்கள் ஐம்பது வருடம் சண்டை போட்டு இழந்திருக்கிறார்கள். அயர்லாந்தில் 2012இல் நம் கர்நாடகத்துப் பெண் சவிதா ஹலப்பனவார், கலைப்பு மறுக்கப்பட்டு நோய்த்தொற்றால் இறந்தபோதுதான் அந்த நாடு விழித்தது. 2018 பொதுவாக்கெடுப்பில் தடை நீங்கியது. ஒரு சாவைக் கேட்கும் சண்டையை நான் எப்படிப் பரிந்துரைப்பது? ஆனாலும் 2022 ஆகஸ்டில், பழமைவாதிகளின் மாநிலம் என்று பெயரெடுத்த கான்சாஸில், கருக்கலைப்பு உரிமையை நீக்கும் முன்மொழிவை மக்கள் வாக்களித்துத் தோற்கடித்தார்கள். தங்களிடம் என்ன இருந்தது, என்ன போயிற்று என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டால் எத்தனை பேருக்குத் தெரியவரும்?

இது வீண் கற்பனை இல்லை. 2022 செப்டம்பரில் நம் உச்ச நீதிமன்றம் மணமாகாத பெண்களுக்கும் 24 வாரம் வரையிலான வாய்ப்பைத் திறந்தது, உலகமே பாராட்டியது. அடுத்த ஆண்டு அக்டோபரில் இரண்டு குழந்தைகளின் தாய் ஒருத்தி அதே நீதிமன்றத்துக்கு வந்தாள். பாலூட்டிக்கொண்டிருந்ததால் நாள் தள்ளியது தெரியவில்லை. தெரிந்தபோது 24 வாரம் கடந்துவிட்டது. முந்தைய பிரசவத்துக்குப் பிறகு மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். முதலில் அனுமதி கிடைத்தது. பிறகு கருவுக்கு உயிர்பிழைக்கும் வாய்ப்பு இருப்பதாக மருத்துவர் ஒருவர் தெரிவிக்க, இரண்டு பெண் நீதிபதிகளும் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். நீதிபதி நாகரத்னா அந்தப் பெண்ணின் முடிவே முக்கியம் என்றார். நீதிபதி ஹிமா கோலி அனுமதிக்க மனச்சான்று இடம் தரவில்லை என்றார். மூவர் அமர்வு அனுமதி மறுத்தது. 1971இல் நாம் பேசாமல் விட்டுவந்த கேள்வி 52 ஆண்டுகள் கழித்து இரண்டு பெண்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு தீர்ப்புகளையும் படித்தேன். நாகரத்னா பக்கம் நிற்கிறேன், ஆனால் கோலியின் தயக்கத்தை எள்ளி நகையாட என்னால் முடியவில்லை. தமிழில் இதைப் பற்றி ஒரு வாரம்கூட யாரும் விவாதிக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். அந்த வாரம் நாம் வேறு எதையோ விவாதித்துக்கொண்டிருந்தோம்.

அந்த வழக்கைப் பற்றி அத்தையிடம் தொலைபேசியில் சொன்னேன். “பால் குடுக்கையில நமக்கு எப்பிடித் தெரியும்?” என்றாள் உடனே. பிறகு, “அவ வீட்டுக்காரன் என்ன சொன்னானாம்?” என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

சென்ற பொங்கலுக்கு அவள் வந்திருந்தபோது, அப்பாவின் வேறொரு வேலைக்காகப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்துக்கொண்டிருந்தேன். பழைய காட்டின் சர்வே எண் நினைவிருந்தது. அதையும் போட்டுப் பார்த்தேன். அத்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு அந்த நிலம் எத்தனை குறுக்கம், எந்த மூலையில் வேப்பமரம், எந்த ஓரத்தில் ஓடை என்பதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

“அதுல எம் பேரு இருக்கா தாயி?”

“இருக்கு அத்தை.”

“எந்த எடத்துல?”

விரலை வைத்துக் காட்டினேன். எழுதிக் கொடுத்தவர் என்ற கட்டத்தில், சின்ன அத்தையின் பெயருக்கு மேலே இருந்தது. அவள் அதை எழுத்துக் கூட்டி இரண்டு முறை வாசித்தாள். தகப்பனார் பெயர் சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். சரியாகத்தான் இருந்தது. அப்பா உள்ளேயிருந்து, காப்பி ஆறுகிறது என்று அக்காவைக் கூப்பிட்டார்.